மறந்துபோன இலை

"உலையில வேகறது நான், சம்மட்டி அடிக்கறது நான், கையைச் சுட்டுக்கறது நான். பேர் மட்டும் உனக்கா?"

காலையிலிருந்து பட்டறைக்காரர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். காபி குடிக்கும்போது ஒரு தடவை, குளித்துவிட்டு வந்து ஒரு தடவை, இப்போது பட்டறை வாசலில் செருப்பை உதறிக்கொண்டு இன்னொரு தடவை. ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"இப்போ யார் பேர் கேட்டாங்க?" என்றாள் மனைவி.

வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. இரண்டு வகை ஸ்டீலை மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, முறுக்கி, மறுபடி அடித்து, அதில் அலங்காரப் பொருள்கள் செய்வார். தேய்த்து முடித்ததும் பார்த்தால் வெறும் தகடுதான். ஆசிட்டில் போட்டால் ஒரு ஸ்டீல் கறுக்கும், இன்னொன்று வெள்ளையாகவே நிற்கும். உள்ளே ஒளிந்திருந்த வரியெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அடிப்பது அவர். தேய்ப்பதும் ஆசிட்டில் போடுவதும் அவள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அவர் கழித்துப் போட்ட துண்டு ஒன்றை அவள் எடுத்து இலையாக வெட்டுகிற வரைக்கும்.

போன வாரம் பரிசுப்பொருள் கடைக்கார அம்மாள் வந்தாள். கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குள் வைக்க ஒரே ஒரு பொருள் வேண்டுமாம். அவர் உயிரைக் கொடுத்துச் செய்த கிண்ணம் மேஜைமேல் இருந்தது.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அதில் தன் கார் சாவியைப் போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த இலையை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஆசிட்ல போடலையா? போட்டு வைங்க. அடுத்த வாரம் வந்து, இதா கிண்ணமான்னு முடிவு பண்றேன்."

அந்தச் சாவி இன்னும் அவர் நெஞ்சில் கிடந்து குத்தியது.

"என் கிண்ணத்துல சாவியைப் போடறா. நீ பார்த்துக்கிட்டு நிக்கறே!"

"கிண்ணம்னா எதையாவது போடத்தானே செய்வாங்க?"

"சிரி, நல்லா சிரி. அது நான் கழிச்ச துண்டு."

"கழிச்சதைத்தானே எடுத்தேன்? உங்க சட்டைப் பையிலேருந்தா எடுத்தேன்?"

வீட்டுக்குள்ளிருந்து மாமியார் கூப்பிட்டாள். "கிளம்பலையா? கண் டாக்டர் காத்துக்கிட்டு இருக்க மாட்டார்."

"இதோ அத்தை!" என்றவள், கணவரிடம் குரலைத் தணித்தாள். "நியாயமா அவங்களை நீங்க கூட்டிட்டுப் போகணும். பரவாயில்ல. ஒரே ஒரு உதவி." இலையை நூலில் கட்டி ஆசிட் டப்பாவுக்குள் தொங்கவிட்டாள். "கறுத்ததும் எடுத்து, சோடா உப்புத் தண்ணியில அலசிடுங்க. அப்படியே விட்டா தின்னுடும். மறந்துடாதீங்க."

"என்னை என்ன மறதி பிடிச்சவன்னு நினைச்சியா?"

மாமியாரும் மருமகளும் கிளம்பிப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நூலைத் தூக்கிப் பார்த்தார். கறுத்திருந்தது. வரி ஒவ்வொன்றும் காம்பிலிருந்து நுனிவரை அப்படியே வழிந்து ஓடியிருந்தது. கிண்ணத்துக்காக எத்தனை முறுக்கு முறுக்கியும் அவருக்கு வராத நெளிவு.

எடுக்கத்தான் கையை நீட்டினார். நீட்டிய கைக்கு நேர் எதிரே கிண்ணம் இருந்தது.

தின்னட்டும்.

நூலை விட்டார். வருஷக்கணக்காக ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த மூடியை எடுத்து, டப்பாவை அழுத்தி மூடினார். அப்புறம், அடிக்கவே தேவையில்லாத ஒரு கம்பியைப் போட்டு அடி அடியென்று அடித்தார்.

அவர்கள் திரும்பி வரும்போது உச்சி வெயில்.

"எடுத்தீங்களா?"

"அடடா! மறந்தே போச்சு!"

அவள் முதலில் பார்த்தது இலையை அல்ல, மூடியை. திறந்து, நூலைத் தூக்கி, அலசினாள். ஓரமெல்லாம் கடித்துக் குதறியது மாதிரி இருந்தது. நடுவே இரண்டு ஓட்டை. கறுத்த வரிகள் பள்ளமாக உள்ளே போய்விட்டன.

வாசலில் கார் சத்தம். அவர் அவசரமாகக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

கடைக்கார அம்மாள் உள்ளே வந்து இலையைப் பார்த்தாள்.

"ஐயையோ!"

அவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளத் தயாரானார்.

"ஐயையோ, பூச்சி தின்ன இலையேதான்! நரம்பெல்லாம் விரலுக்குத் தட்டுதே! மரத்துலேருந்து இப்பதான் விழுந்த மாதிரி இருக்கு. யார் வேலை இது?"

"எல்லாம் இவர் வேலைதான்" என்றாள் மனைவி. "நானா இருந்தா கறுத்ததுமே எடுத்திருப்பேன். இவ்வளவு நேரம் அரிக்க விடற தைரியம் இவருக்குத்தான் உண்டு. கண்ணாடிக்குள்ள வைக்கற சீட்டுல இவர் பேரையே போடுங்க."

அந்த அம்மாள் முதல்முறையாக அவரை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். "எப்படிங்க இப்படியெல்லாம் தோணுது?"

"சும்மா... தோணிச்சு."

"எனக்கு இதே மாதிரி இன்னும் நாலு இலை வேணும். ஆனா இதே மாதிரி இருக்கணும், சொல்லிட்டேன்!"

கார் போனதும் அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. பாவம், நிஜமாகவே மறதி என்று நம்பிவிட்டாள். பேரையும் அல்லவா விட்டுக்கொடுத்துவிட்டாள்! அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

மறுநாள் காலையில் அவள் புது இலையைத் தேய்த்துக் கொண்டுவந்து, நூலில் கட்டி, ஆசிட்டில் தொங்கவிட்டாள். ஆணியிலிருந்து மூடியை எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"என்னங்க, இதையும் கொஞ்சம் மறந்துடறீங்களா?"