நிரம்பிய டேப்

சர்மிலா இறந்த நாளின் டேப்பை மீண்டும் போட்டபோதும் திரையில் அதே வரிதான் வந்தது: 'டேப் நிரம்பிவிட்டது.'

ஜொய்சன் டேப்பை வெளியே எடுத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரியின் அன்றன்றைய கணினிப் பதிவுகளை நகலெடுத்து வைக்கும், இரண்டாயிரத்து ஐந்நூறு ஜிகாபைட் கொள்ளும் டேப் அது. எழுதப்பட்டிருந்தது வெறும் நூறு. நோயாளர் பட்டியலும் மருந்துச் சீட்டுகளும் ஏறியிருந்தன. அவற்றுக்கு அடுத்து ஏற வேண்டிய சத்திரசிகிச்சை அறைக் கமெராப் பதிவு இல்லை. டேப் நிரம்பினால் அன்றைய மிச்சம் விடுபட்டுவிடும்; அடுத்த டேப்பில் மறுநாள் பதிவே ஏறும்.

கமெராவில் இருந்த மூலப்பதிவு முப்பது நாளில் தானாகவே அழிந்துவிட்டது. பிரசவத்துக்கு வந்த அவன் மனைவி சர்மிலாவை அந்த அறையில் எவ்வளவு நேரம் தனியே விட்டார்கள் என்று சொல்ல, இனி டேப்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரி முகாமையாளர் ஹெக்டர் வாவிப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு அருகில் வந்தார். டேப் பழுதாக இருக்கும், இதோடு விட்டுவிடலாம் என்று மெல்லச் சொன்னார்.

ஜொய்சன் மற்ற டேப்புகளையும் கேட்டான். டேப் இயந்திரத்தை அங்கே பொருத்தியவன் அவன் என்பதால் மறுக்க வழியில்லை. பதிவறை எழுதுநர் டினுஷா கொண்டுவந்து அடுக்கினாள். நிரம்பிய டேப்பை எப்படி மாற்றுவது என்று ஒரே பின்னேரத்தில் மூன்று டேப்பை நிரப்பிக் காட்டி அவளுக்குப் பழக்கியவனும் அவன்தான். அன்றிலிருந்து அவள் ஒருநாளும் தவறியதில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். எல்லாம் நூறிலேயே நின்றிருந்தன.

"எல்லா டேப்பும் ஒரே இடத்திலயா பழுதாகும், சேர்?"

ஹெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஜொய்சன் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். ஒரு டேப்பில் அதிகபட்சம் எவ்வளவு எழுதலாம் என்ற கட்டம். வெறுமையாக இருக்க வேண்டிய இடம். அதில் யாரோ கையால் நூறு என்று போட்டிருந்தார்கள்.

அவன் அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்டினான். தெரிந்தவன் செய்த வேலை என்றான். இதைக் கோர்ட்டில் வைப்பேன் என்றான்.

"நாங்க ஒண்டும் ஒளிக்கல்ல, தம்பி," என்றார் ஹெக்டர்.

"அப்ப இதப் போட்டது ஆர்? திகதி கிடக்கு, பாருங்க. போன வருசம் ஓகஸ்ட் பதினாலு. அண்டைக்கு இந்தக் கதிரையில இருந்தது ஆர்?"

ஹெக்டருக்குத் தெரியவில்லை. அவர் டினுஷாவைப் பார்த்தார். அவள் திகதியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஜொய்சனின் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"டேப்பக் கெதியா நிரப்பிக் காட்ட, அண்டைக்கு நீங்கதான் போட்டீங்க, சேர்."