அந்தோணியாருக்கு ஒரு பிடி உப்பு

மலாயாவில், புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் முள்வேலி வாசலில், ஞாயிறு பூசைக்குப் போகும் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தின்னும் பொருள் எதுவும் இந்த வேலியைத் தாண்டக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பெண்களைச் சோதிக்க வைத்திருக்கும் லூர்தம்மாளின் விரல்கள் ஞானப்பூவின் முந்தானை முடிச்சில் தயங்குகின்றன. அவிழ்த்தால் ஒரு பிடி உப்பு, அதில் நாலைந்து மிளகு. “யாருக்குக்கா இது?” “அந்தோணியாருக்கு. சந்தியாகு காணாமப் போயி இன்னியோட நாப்பது நாளு. கெபியில கொட்டுறேன்னு நேர்ந்துக்கிட்டேன்.” அவள் மகன் காட்டுக்குத்தான் போய்விட்டான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அவள் மட்டும் காணாமல் போனதாகவே சொல்கிறாள்.

வேலி போடுவதற்கு முன், பிள்ளையின் காய்ச்சலுக்காக லூர்தம்மாளும் அதே கெபியில், அந்தோணியார் சுரூபத்தின் காலடியில், உப்புக் கொட்டியவள்தான். துப்பாக்கியோடு நிற்கும் சார்ஜன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். “விட முடியாதுலா அக்கா,” என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லி, முந்தானையைச் சாய்க்கிறாள். செம்மண்ணில் உப்பு சத்தமில்லாமல் சிதறுகிறது. மரங்களுக்கிடையே விழும் வெயிலில் கொஞ்சம் மினுங்குகிறது. ஞானப்பூ வெறும் முந்தானையை உதறாமலே தலையில் போட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டு, வாசலைக் கடக்கிறாள். அடுத்து வருகிறவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, உப்பைச் சுற்றி நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் வருகிறவளும். கடைசிப் பெண் போன பிறகும் அந்த உப்பில் ஒரு காலடிகூட இல்லை.