சத்தமாக ஒரு ஜெபம்

“செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள ஓடுங்க! ஜீப்பு வந்துருச்சு!”

போர்மேன் தங்கச்சாமி, ஆட்டைப் பட்டியில் அடைப்பதுபோல எல்லோரையும் சர்ச்சுக்குள் விரட்டினார். பட்டாசுக் கம்பெனிக்கு அடுத்த காம்பவுண்டுதான் சர்ச். அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். சீசன் வந்தால் பத்துப் பேர். அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது மிச்சமுள்ள ஆட்கள் இங்கே வந்து பக்தர்களாகிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இத்தனை பக்தியைக் கண்டு ஆண்டவரே அசந்துபோயிருப்பார்.

“எக்கா, எனக்கு இருக்கன்குடி மாரியம்மன் பாட்டுத்தான் தெரியும்” என்று கிசுகிசுத்தாள் பாண்டிமீனா. கையெல்லாம் பட்டாசு மருந்து மினுங்கியது.

“கண்ணை மூடி உக்காரு, போதும்” என்றாள் ஜெபக்கனி. அந்தக் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சுக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான்.

கடைசி பெஞ்சில் மடியில் பைபிளோடு முன்பே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நகர்ந்து இடம் கொடுத்தார்.

தங்கச்சாமி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “சும்மா உக்காந்திருந்தா சந்தேகப்படுவாக. ஏத்தா ஜெபக்கனி, சத்தமா ஜெபம் பண்ணு.”

“வேண்டாம் அண்ணாச்சி. ஜெபத்துல என்னால பொய் சொல்ல முடியாது.”

“யாரு பொய் சொல்லச் சொன்னா? மனசுல உள்ளதச் சொல்லு.”

ஜெபக்கனிக்கு இந்த வேலை போனால் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கு வேறு வழியில்லை. ஆனாலும் எழுந்து நின்றாள்.

“ஆண்டவரே, நாலு பேர் ரூமுல பத்துப் பேர் உக்காந்திருக்கோம். வாசலை மறிச்சுச் சரக்கு அடுக்கியிருக்காக. ஒரு பொறி விழுந்தா ஓட வழியில்ல. பாண்டிமீனா வேற மாசமா இருக்கா...”

“ஏ, நிறுத்து!” தங்கச்சாமி பாய்ந்து வந்தார். “நாளையிலருந்து உனக்கு வேல கெடையாது, பாத்துக்க!”

“எனக்குப் படியளக்கிறவர் அவரு, அண்ணாச்சி. உங்களுக்கும் சேத்துத்தான் ஜெபிக்கேன்” என்றவள், மறுபடி கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தாள். “அண்ணாச்சியும் அந்த ரூமைத் தாண்டித்தான் தெனம் போறாரு. அவரையும் காப்பாத்தும் ஆண்டவரே. எங்க மொதலாளிக்கும் கண்ணைத் தெறந்துவிடும். ஆமென்.”

வெளியே ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

“போயிட்டாக!” தங்கச்சாமி சிரித்தபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உன் ஜெபம் யாரு காதுலயும் விழல பாத்தியா?”

“ஆமென்!” என்றார் கடைசி பெஞ்சுப் பெரியவர், சர்ச்சே அதிரும்படி.

“யோவ், ஊடால நீ யாருய்யா?”

“ஜீப்புல வந்தவங்களுக்கு மேலதிகாரி.” பெரியவர் பைபிளை மூடிவிட்டு எழுந்தார். “சோதனைன்னாலே இந்தச் சர்ச்சுல கூட்டம் நெரியுதுன்னு கேள்விப்பட்டேன். அதான், அவங்களைக் கம்பெனிக்கு அனுப்பிட்டு, நான் இங்கன வந்து உக்காந்துட்டேன்.”