நான் டாக்டர் இல்லை

அர்ஜென்டினா கால்பந்து பனியனும் ரப்பர் செருப்புமாக டாக்டர் லிங்கம் உள்ளே வந்து நின்றதுமே பட்டாபி தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த ஆளை நம்பி ஒரு தும்மலைக்கூட ஒப்படைக்க முடியாது.

பட்டாபி, பழவங்காடியில் ஒரு மாடியறையில் இருபத்திரண்டு வருஷமாக 'கோட்டைக் குரல்' என்ற தமிழ் மாதப் பத்திரிகை நடத்துகிறவர். டாக்டர் லிங்கம் என்ற பெயரில் அதில் வரும் 'அடுத்த பேஷன்ட்' பத்திதான் பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. மூக்கில் கடலை மாட்டிக்கொண்ட புராஜெக்ட் மேனேஜர், மூலத்தை முதுகுவலி என்று மாமனாரிடம் மறைத்த மாப்பிள்ளை என்று மாதம் ஒருவர் கதை அதில் சந்தி சிரிக்கும். எழுத்து ஈமெயிலில் வரும். எழுதுகிற ஆளை அவர் பார்ப்பது இன்றுதான் முதல் தடவை.

பார்க்க வைத்தவர் எதிரே உட்கார்ந்திருந்த சத்தியதாஸ். பாறசாலைக்காரர். போலி டாக்டர் ஒழிப்பு சமிதியின் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவர் ஒருவரே. டியூட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, விசிட்டிங் கார்டில் 'புரொபசர்' என்று போட்டுக்கொண்டவர்.

லிங்கம் என்ற பெயர் மருத்துவர் பட்டியலில் எங்குமே இல்லை என்று அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார். சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எழுதினவன் மேல் போலீஸ் கேஸ், பத்திரிகைக்குப் பூட்டு. ஆள் நிஜ டாக்டராக இருந்துவிட்டால் நூற்றியொரு தேங்காய் உடைப்பதாக, காலையிலேயே பிள்ளையாரிடம் பேரம் பேசிவிட்டு வந்திருந்தார் பட்டாபி.

"சர்டிபிக்கேட்டு உண்டா, இல்லியா? அதச் சொல்லும்," என்று சத்தியதாஸ் விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, கர்த்தரைக் கூப்பிட்டபடி மறுபடி நாற்காலியில் விழுந்தார்.

லிங்கம் சட்டென்று குனிந்து அவர் செருப்பைக் கழற்றி, முழங்காலை நீட்டச் சொல்லி, பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தான். அரை நிமிஷத்தில் வலி விட்டது. பந்து விளையாடுகிற பயலுக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்று பட்டாபி நினைத்துக்கொண்டார்.

கால் சரியானதும் சத்தியதாஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சர்டிபிகேட் எங்கே?

"கிடையாது, சார். நான் டாக்டரே இல்லை," என்றான் லிங்கம்.

பட்டாபிக்குக் கண்ணை இருட்டியது. லிங்கமோ அசரவில்லை. சும்மா ஒரு கெத்துக்குப் போட்டுக்கொண்டேன், பேஷன்ட், வியாதி எல்லாமே கற்பனை, அடுத்த இதழில் மன்னிப்புப் போட்டுவிடலாம், இனிமேல் வெறும் லிங்கம்தான் என்று மளமளவென்று ஒப்புக்கொண்டான். யாரும் கேட்பதற்கு முன்பே அத்தனையையும் வெள்ளைத்தாளில் எழுதி, 'லிங்கம்' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாததால் சத்தியதாஸின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. போலீஸுக்குப் போவதில்லை, ஆனால் மன்னிப்பு முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லி, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பத்திரிகை பிழைத்தது, மானம் போயிற்று. பட்டாபிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தச் செலவில் விழா எடுத்து, மச்சினியின் புருஷனான ஷட்டகர் கையால் தான் 'கவிப்பேரொளி' பட்டம் வாங்கிக்கொண்டது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"படிக்காத படிப்புக்கு என்னத்துக்குங்காணும் பட்டம்? வெக்கமா இல்லே?"

லிங்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். சத்தியதாஸ் ரோட்டைக் கடந்து பஸ் ஏறிவிட்டிருந்தார்.

"படிச்சிருக்கேன், சார். எம்.பி.பி.எஸ்., எம்.டி. கழக்கூட்டத்துல கிளினிக் வச்சிருக்கேன்."

பட்டாபி வாயைப் பிளந்தார். "அடப்பாவி, அப்போ சர்டிபிகேட்டைக் காட்டித் தொலைச்சிருக்கலாமே?"

"காட்டினா என் நிஜப் பேர் தெரிஞ்சிடும், சார். அந்த பேஷன்ட்ல ஒருத்தர்கூட கற்பனை இல்லே."