இடப்பக்கத்தில் நின்றவள்

பக்கவாதம் வந்தபின் சபாபதிக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. தட்டின் இடது ஓரத்து இட்லி அப்படியே கிடக்க, "ஒண்ணுதான் வச்சியா?" என்பார். "இடது பக்கமே நில்லுங்க. அவரா திரும்பிப் பார்க்கணும்," என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். முப்பத்தெட்டு நாட்கள் மனைவி மரகதம் அங்கேயே நின்றாள். "இங்கதாங்க இருக்கேன்" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் வலப்பக்கச் சுவரைப் பார்த்து அவள் பெயரைக் கத்தினார். இன்று பொறுக்கமாட்டாமல் கட்டிலைச் சுற்றி ஓடி வலப்பக்கம் வந்தாள். அவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எங்கடி போன இத்தனை நாளா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் ஒருத்தி நின்னுக்கிட்டே இருந்தா. இப்பக் காணோம்." பிடித்த கையை விடாமலே, முதல்முறையாகக் கழுத்தை இடப்பக்கம் திருப்பித் தேடினார்.