ஜஸ்லாவின் முகம்

நூற்றுப் பன்னிரண்டு படங்கள் எடுத்தாகிவிட்டது. எல்லாவற்றிலும் வால்தான் இருந்தது.

ஷம்சா மணலில் குப்புறப் படுத்தபடியே கேமராவின் திரையைப் பார்த்துத் தன்னை நொந்துகொண்டாள். எத்தனை லென்ஸ் வாங்கிப் போட்டும் தம்பியின் வல்லூறு ஜஸ்லா அவளுக்கு மட்டும் முகம் காட்ட மாட்டேன் என்கிறது.

"வால் நல்லா வந்திருக்காக்கா? வீட்ல பின்பக்கச் சுவரு சும்மாதான் கெடக்கு, மாட்டிரலாம்" என்றான் தானி.

முப்பது வயதாகியும் அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஜஸ்லாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குவளையில் காப்பி ஆறிப்போகும். போன வருடம் குஞ்சாக வாங்கி வந்தான். அவள் தின்றபிறகுதான் அவன் சாப்பிடுவது. வியாழக்கிழமை அவளுக்கு முதல் போட்டி. அதற்குள் அவள் பாய்ந்து வரும்போது நேர்முகமாக ஒரே ஒரு படம் வேண்டும் என்பதைத் தவிர அக்காவிடம் அவன் எதுவும் கேட்டதில்லை.

ஆனால் இந்தக் குளிர்காலத்துப் பயிற்சியைப் பற்றி மட்டும் வீட்டு ஆட்களிடம்கூட மூச்சு விடவில்லை. இரண்டு மாதமாக விடியும் முன்பே தனியாகப் போய் வந்தான். மற்ற போட்டிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்களாம். இன்றும் படத்துக்காகப் பழையபடி, அவளைக் கீழே அழைக்கச் சுழற்றும் கயிறும் இறகுக் கட்டும்தான் கொண்டுவந்திருந்தான்.

ஷம்சாவும் அவனிடம் ஒன்றை மறைத்திருந்தாள். வண்டியின் பின்னால், போர்வைக்கு அடியில், புது டிரோன்.

படத்தைச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து அவன் வாயை அடைக்க வேண்டும் என்று ஆசை. பயம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் புறாக்களை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டாள். டிரோனைக் கண்டதும் சிதறி ஓடின.

தானி பறவையின் கண்களை மூடியிருந்த தோல் தொப்பியைக் கழற்றினான். ஜஸ்லா கையிலிருந்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வானத்தில் புள்ளியானாள்.

அவன் இறகுக் கட்டைச் சுழற்றிக்கொண்டே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்த நேரம் பார்த்து ஷம்சா வண்டிக்குப் பின்னால் நழுவி டிரோனை ஏற்றினாள்.

கீழே இறங்கிக்கொண்டிருந்த ஜஸ்லா பாதியில் திரும்பினாள்.

தானி இன்னும் வேகமாகச் சுழற்றினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

ஷம்சாவின் கையிலிருந்த திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி நெஞ்சானது. பிறகு முகம். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினாள்.

இப்போது விலகிவிடும் என்று நினைத்தாள்.

விலகவில்லை.

டிரோனை முழு வேகத்தில் மேலே ஏற்றினாள். அதன் பின்னாலேயே ஜஸ்லாவும் ஏறினாள்.

"மேல ஏத்தாதக்கா!"

தானி மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் அதுவரை கண்டதில்லை.

திரை இருண்டது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். இரண்டும் தனித்தனியாக விழுந்தன.

ஷம்சா போய்ச் சேர்ந்தபோது அவன் மண்டியிட்டு, அலகில் ஒட்டிய மணலை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து தோல் தொப்பியை எடுத்தான். சாய்ந்து கிடந்த தலையில் அதை மாட்டி, வாரைப் பல்லால் இழுத்து இறுக்கினான். வண்டியில் ஏற்றும் முன் தினமும் அப்படித்தான் செய்வான். இல்லாவிட்டால் அவள் மிரளுவாள்.

அவன் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட ஷம்சாவால் தாங்கியிருக்க முடியும்.

"முகம் வந்துச்சாக்கா?" என்று கேட்டான்.

ஷம்சா திரையை நீட்டினாள். ஒடுங்கிய இறக்கை, முன்னால் நீண்ட கால்கள், நேராக இவர்களையே பார்க்கும் இரண்டு கறுத்த கண்கள். வாழ்நாளில் அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

"எவ்வளவு கோவமா வர்றா பாரு..." என்று அழுதாள்.

தானி படத்தை விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தான்.

"கோவமில்லக்கா. ரெண்டு மாசமா இந்த மாதிரி டிரோன் ஒண்ணுக்குக் கீழதான் அவளுக்குக் கறி கட்டித் தொங்கவிட்டேன். மேல ஏத்துனா ஏறி வந்து புடிக்கணும்னு பழக்கினதும் நான்தான். என்னோடதுல விசிறியச் சுத்தி வலை இருக்கும்."

திரையைத் தன் அங்கியில் துடைத்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தான்.

"நான் சாப்பிடக் கூப்பிடுறேன்னு நெனச்சு வந்திருக்கா."