பம்பரத்தின் பிரியாவிடை

மனச்சான்று உள்ளோரே, இந்தக் கிரிக்கெட் அணியின் ஓய்வறைக்குள் வாருங்கள். பட்டப்பகலில் நடக்கும் ஓர் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். மேசைமீது பிரியாவிடைக் கேக் காத்திருக்கிறது. அதை வெட்ட வேண்டியவரோ கத்தியைத் தொடாமல் கைகட்டி நிற்கிறார்.

அணியில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். மணிக்கட்டால் பந்தைச் சுழற்றிவிடும் லெக் ஸ்பின்னர். தேசிய அணி பறந்த நாடுகளுக்கெல்லாம் உடன் பறந்து, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமில்லாமல் செய்தவர். பந்தின் தையலில் உராய்ந்து உராய்ந்து, வலக்கை மோதிரவிரல் கொட்டைப்பாக்காய்க் காய்த்திருந்தது.

நாளை ஊர் திரும்பியதும் ஓய்வு. இன்றைய ஆட்டத்தில் தன்னைச் சேர்க்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கோரிக்கை. அதற்காகவே மனைவி தேய்த்துக் கொடுத்த சீருடையை, மடிப்புக் கலையாமல் அணிந்து வந்திருந்தார்.

கேக்கை வெட்டினால் வாய் இனிக்கும், மனம் அடங்கும் என்பது மேலாளரின் கணக்கு. கேப்டனைப் பேசச் சொன்னார். அவரும் குறை வைக்கவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பும் அண்ணனின் கூக்ளிப் பந்துக்கு நடுங்கியதுபோல் எவருக்கும் தாம் நடுங்கியதில்லை என்றார். தம் ஸ்டம்பை இவர் சாய்த்த அளவுக்கு எந்த எதிரியும் சாய்த்ததில்லை என்று துணைக் கேப்டன் ஒத்து ஊதினார். அறையே கைதட்டியது.

பம்பரம் சிரிக்கவில்லை. "மக டிவி முன்னால உக்காந்திருக்கா. ஒரே ஒரு ஓவர் குடு தம்பி."

"அண்ணே, பிட்சைப் பாத்தீங்கல்ல? பந்து திரும்பவே திரும்பாது. ஸ்பின்னரை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"திரும்புற ஊர்ல மட்டும் என்ன சொன்ன? வலைப் பயிற்சிக்கு நீங்க வேணும், களைச்சுப் போயிடாதீங்கன்ன."

ஏறி முடித்தவர்கள் ஏணியின் முகத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கேப்டன் தொப்பியை எடுத்து மாட்டினார். மேலாளர் தொண்டையைச் செருமி, கேக் உருகுகிறது என்றார்; அறையில் உருகியது அது ஒன்றுதான்.

டாஸ் போட அழைப்பு வந்தது. பம்பரம் வாசலை மறித்து நின்றார்.

கேப்டனின் பொறுமை அற்றுப்போனது. "சின்னப் பிள்ளையாட்டம் அடம் பிடிக்காதீங்கண்ணே. கடைசி மேட்ச் ஒண்ணு ஆடலைன்னா குடியா முழுகிடும்?"

சாட்சிகளே, இதற்கு அவர் சொன்ன பதிலைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் பணியிடத்து வாசலிலும் இப்படி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். போய் அவருக்காக இடம் கேளுங்கள்.

பம்பரம் தணிந்த குரலில் சொன்னார்: "நான் கேக்குறது கடைசி மேட்ச் இல்ல தம்பி. என் முதல் மேட்ச்."